மரத்தூளில் வரைந்த படம்



எண்ணெய்க் கிணறு தோண்டுகையில் நிலத்தடி வாயு திடீரெனச் சீறிக் கிளம்பினால், மேலே நிற்கும் தொழிலாளரின் கதி என்ன? அந்த ஆபத்தை நேரில் அறிந்தவர் அமெரிக்கரான ஜேம்ஸ் ஏபர்குரோம்பி. 1922-ம் ஆண்டில் அவர் டெக்சாஸில் இயந்திரப் பட்டறை நடத்திய ஹாரி கேமரனை நாடினார். பட்டறைத் தரையின் மரத்தூளிலேயே இருவரும் படம் வரைந்தனர். இருபுறமும் இரும்புக் கட்டைகள் நெருங்கிவந்து, குழாயை இறுகப் பற்றிக் கிணற்றின் வாயை அடைக்கும் கருவி பிறந்தது. 1926-ல் காப்புரிமையும் கிடைத்தது.

ஆயினும் 2010 ஏப்ரல் 20-ல், மெக்சிகோ வளைகுடாவில் அத்தகைய கருவி கிணற்றை அடைக்கத் தவறியது. 11 பேர் மாண்டனர்.

பொறியியல் பயிலும் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வோம்: வரைவது பாதிக் கடமை; சோதித்துப் பேணுவது மறுபாதி. முகமறியாத மனிதரின் உயிர் அதில் அடங்கியிருக்கிறது.