பூஜ்யத்துக்கும் பொருள் உண்டு



'வீரனின் பெருமையைச் சொல்வது கணக்கா? களமா?' இதுதான் தலைப்பு. களமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் ஒரு கத்தைத் தாளோடு வந்தார். கனடாக்காரர்கள் உயிரை விடுகிற ஐஸ் ஹாக்கியை எடுத்துக்கொண்டார். வெய்ன் கிரெட்ஸ்கி ப்ளே-ஆஃப் ஆட்டங்களில் மட்டும் 382 புள்ளி எடுத்தார், இன்றுவரை யாரும் கிட்டக்கூட வரலை, "எண் பொய் சொல்லாதுங்க"ன்னு முடிச்சார். ஐயா, எண் பொய் சொல்லாது. ஒத்துக்கிறேன். ஆனா முழுசையும் சொல்லாதே! (கைதட்டல்)

புதுசாகக் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஆட்டத்தில் கறுப்பு ரப்பர் வட்டைக் கோலுக்குள் அடித்தவருக்கு ஒரு புள்ளி. தள்ளிக் கொடுத்தவருக்கு ஒரு புள்ளி. அவருக்குத் தள்ளிக் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி. ஆனால் கோல்காவலர் கண்ணை மறைச்சுக்கிட்டு, முதுகில அடி வாங்கிக்கிட்டு முன்னாலே ஒருத்தர் நிக்கிறார் பாருங்க, அவருக்குச் சைபர்! நம்ம வீட்டு விருந்திலேயும் அப்படித்தானே? பரிமாறினவருக்குப் பாராட்டு. விடியற்காலை எழுந்து காய் நறுக்கினவங்க பேர் எந்தக் கணக்கிலேயும் வராது. (சிரிப்பு)

சரி, 2024-க்கு வருவோம். எட்மன்டன் ஆயிலர்ஸ் அணித் தலைவர் கானர் மெக்டேவிட். அந்த ஆண்டு ப்ளே-ஆஃபில் 25 ஆட்டம், 42 புள்ளி. அதில் 34 பிறர் கோலடிக்கத் துணை செய்தது. 1988-ல் கிரெட்ஸ்கி வைத்த 31 என்ற சாதனையை முறியடித்தார். இறுதிப் போட்டி ஃபுளோரிடா பாந்தர்ஸோடு. முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. நாலாவதிலும் ஐந்தாவதிலும் மெக்டேவிட் நாலு நாலு புள்ளி எடுத்து அணியைத் தூக்கி நிறுத்தினார். ஆறாவதில் பூஜ்யம். ஏழாவதில் பூஜ்யம். கடைசி ஆட்டத்தில் 2-1 என்று தோல்வி. "பார்த்தீங்களா, முக்கியமான நேரத்தில் காணாமல் போயிட்டார்" என்கிறது கணக்கு.

நான் கேட்கிறேன். ஆறாவது ஆட்டத்திலும் அவருக்குப் பூஜ்யம்தானே? அன்றைக்கு எட்மன்டன் 5-1 என்று ஜெயித்ததே! அந்தப் பூஜ்யத்தை யாராவது கேள்வி கேட்டாங்களா? ஒரே ஆள், ஒரே எண். ஒரு நாள் மாலை, மறுநாள் பழி. அப்படியென்றால் தீர்ப்புச் சொன்னது அவருடைய எண்ணா? இல்லை. ஆட்டத்தின் முடிவைப் பார்த்துவிட்டு எண்ணின் மேல் பழியைப் போடுகிறோம்! (பலத்த கைதட்டல்)

ப்ளே-ஆஃப் என்றால் ஒரே எதிரியோடு ஏழு ஆட்டம் வரை மோதணும். எதிரி உங்களைப் படிச்சுப் படிச்சு மனப்பாடம் பண்ணிடுவான். ஃபுளோரிடாவின் தலைவர் பார்கோவ், அந்த சீசனில் தடுப்பாட்டத்திலும் சிறந்த முன்கள வீரர் என்று செல்கே விருது வாங்கியவர். அப்படிப்பட்டவரையே காவலுக்குப் போட்டால், காவல் வைக்கப்பட்டவனின் மதிப்பு என்ன? ஒருத்தரைச் சுற்றிச் சிறந்த ஆட்கள் நின்றால் மற்றவர்களுக்கு வழி திறக்கும். அதைக் குறிக்க எந்தப் பட்டியலில் கட்டம் இருக்கிறது?

அதற்காகச் சலுகை கேட்க வரலை. ஏழாவது ஆட்டத்தில் அவர் ஒரு கோல் போட்டிருந்தால் கதை மாறியிருக்கும். அது உண்மை. ஆனால் அன்று அந்த அணி மொத்தமும் சேர்ந்து போட்டதே ஒரு கோல்தான். எதிராளியின் உழைப்பும் அந்தப் பூஜ்யத்துக்குள்ளே இருக்கு.

தோற்ற அணியில் இருந்தும் ப்ளே-ஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் கோப்பை அவருக்கே கிடைத்தது. வாங்கிக்கொள்ள அவர் களத்துக்கு வரவில்லை. "அந்தப் பரிசே 42 புள்ளியைப் பார்த்துக் கொடுத்ததுதானே?"ன்னு எதிரணி கேட்கும். வாங்க, 2016-க்குப் போவோம். பிட்ஸ்பர்க் பென்குவின்ஸ் ஜெயித்தது. அந்த அணியில் ஃபில் கெசலுக்கு 22 புள்ளி. சிட்னி கிராஸ்பிக்கு 19. இறுதிப் போட்டியில் கிராஸ்பி ஒரு கோல்கூடப் போடவில்லை. பரிசு யாருக்கு? கிராஸ்பிக்கு!

ஏன்? இரண்டாவது ஆட்டம், கூடுதல் நேரம். வட்டைத் தரையில் போடுவதற்கு முன்னாலேயே யார் எங்கே நிற்கணும் என்று தோழர்களுக்குச் சொன்னார். வட்டை வென்று பின்னால் லெட்டாங்கிடம் தள்ளினார். லெட்டாங் ஷீயரியிடம் கொடுத்தார். கோல்! ஏட்டில் கிராஸ்பி பேரில் ஒரு புள்ளி. தற்செயலாய்க் காலில் பட்டுப் போனாலும் அதே ஒரு புள்ளிதான்.

நண்பர் கொண்டுவந்த கிரெட்ஸ்கியையே நானும் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். 1983-ல் 16 ஆட்டத்தில் 38 புள்ளி. பட்டியலில் முதலிடம். ஆனால் இறுதிப் போட்டியில் ஒரு கோலும் இல்லை. நாலு ஆட்டத்திலும் தோல்வி. ஜெயித்த நியூயார்க் ஐலண்டர்ஸ் அறையைத் தாண்டிப் போகும்போது கொண்டாட்டத்தை எதிர்பார்த்தாராம். உள்ளே உடம்பெல்லாம் ஐஸ் ஒத்தடத்தோட உட்கார்ந்திருந்தாங்களாம். கோப்பைக்கு என்ன விலை என்று அன்றைக்குத்தான் புரிந்தது என்று அவரே பின்னாளில் சொன்னார். மறுவருஷம் அதே ஐலண்டர்ஸை வென்று கோப்பையைத் தூக்கினார். அந்தப் பாடத்தை 38 சொல்லித்தரவில்லை ஐயா, அந்த அறை சொல்லித்தந்தது! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, நான் தமிழ் வாத்தியார். விடைத்தாள் திருத்தியே தலை நரைத்தவன். நூற்றுக்கு நாற்பது என்று நான் போடுகிற எண்ணுக்குள்ளே, காய்ச்சலோடு வந்து எழுதிய பிள்ளை தெரியமாட்டான். மார்க்கே வேண்டாம் என்று சொல்லலை. யாருக்கு எதிராக, எந்த நிலைமையில், மற்றவர்க்கு எதைத் திறந்துவிட்டு இந்த எண் வந்தது என்று கேளுங்கள் என்கிறேன். கணக்கு வாசல். களம்தான் வீடு. வாசலில் நின்றுவிட்டு வீட்டைப் பார்த்தேன் என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள் என்று கேட்டு அமைகிறேன்.