மே முதல் நாள் யாருடைய நாள்?

(சங்கத்தின் மே தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேடைக்கு வருமுன் வாசலில் நின்ற ஒரு தம்பியிடம், "இன்றைக்கு என்ன நாள்?" என்று கேட்டேன். "மகாராஷ்டிரா தினம், அண்ணாச்சி. ஆனா எங்க தையல் பட்டறை திறந்துதான் இருக்கு. ரெண்டு மணி நேரம் கேட்டுட்டு வந்தேன்" என்றார்.

தம்பி சொன்னது சரிதான். 1960 மே 1 அன்றுதான் பழைய பம்பாய் மாநிலம் பிரிந்து மகாராஷ்டிரமும் குஜராத்தும் பிறந்தன. மொழிவழி மாநிலம் கேட்டு மராத்தி மக்கள் நடத்திய போரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர் கொடுத்தார்கள். ஃப்ளோரா ஃபவுண்டன் பக்கத்தில் ஹுதாத்மா சௌக் அவர்கள் நினைவாக நிற்கிறது. ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் அந்தச் சிலையை நாம் சரியாகப் பார்ப்பதில்லை. தீப்பந்தம் ஏந்தி நிற்பவர்கள் மன்னர்கள் அல்ல. ஒரு விவசாயியும் ஒரு தொழிலாளியும். மொழிக்காக உயிர் விட்டவர்களை வணங்கத் தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் இந்த நாளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஐரோப்பாவில் மே முதல் நாள் வசந்த விழா. கம்பம் நட்டு, பூச்சூடி ஆடுவார்கள். அமெரிக்கத் தொழிலாளர்கள் அந்த நாளை வேறொன்றுக்குக் குறித்தார்கள். 1886 மே 1 முதல் எட்டு மணி நேரமே ஒரு நாள் வேலை என்று முடிவு செய்து, லட்சக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். மே 4 அன்று சிகாகோ ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்தது. எறிந்தவன் யாரென்றே நிரூபிக்காமல் எட்டுத் தலைவர்களைக் குற்றவாளிகள் என்றார்கள். 1887 நவம்பர் 11 அன்று நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒருவர் முந்தின நாளே சிறையில் இறந்தார். மிச்சமிருந்த மூவரை 1893-இல் ஆளுநர் விடுவித்து, அந்த விசாரணையே நேர்மையற்றது என்றார். தூக்குக் கயிற்றுக்கு என்ன பதில்? வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் அரசு கொண்டாடும் தொழிலாளர் தினம் செப்டம்பரில்தான். பெற்ற வீட்டில் இந்தப் பிள்ளைக்கு இடமில்லை.

நம் நாட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர் தமிழர். 1923 மே 1, சென்னை. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம். நடத்தியவர் மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர். ஒத்துழையாமை இயக்கத்துக்காக வக்கீல் தொழிலை விட்டவர். அப்போது வயது 63. கொடிக்குச் சிவப்புத் துணி கிடைக்காமல் மகளின் சேலையைக் கிழித்தார் என்று சொல்வது வழக்கம். அந்தக் கொடி ஏறியபோது தொழிற்சாலைச் சட்டம் அனுமதித்தது ஒரு நாளைக்குப் பதினொரு மணி நேரம்! 1934-இல் அது பத்தானது, 1946-இல் ஒன்பதானது. வாரத்துக்கு 48 மணி என்று வந்ததால்தான் ஆறு நாளுக்குப் பகிர்ந்து எட்டு என்கிறோம்.

வார விடுமுறையும் தானாக வரவில்லை. இதே மும்பையில் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் மன்றாடிய பிறகே, 1890 ஜூன் 10-இல் ஞாயிறு விடுமுறை கிடைத்தது. எங்கள் ரயில்வேயிலும் 1974 மே 8 முதல் 27 வரை நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் எட்டு மணி நேர வேலையும் ஒன்று. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். நான் பணிப் பதிவேட்டில் வந்த நேரம், போன நேரம் என்று இரண்டு கட்டங்களை நிரப்பும் குமாஸ்தா. அந்தக் கட்டங்களின் விலை எனக்குத் தெரியும்.

பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, ஆளுங்கட்சியின் சங்கம் உட்பட. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் நின்று, மசோதாவைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் கொடியேற்றி அன்றோடு சரியாக நூறாண்டு! இங்கே மகாராஷ்டிரத்திலும் 2025 செப்டம்பரில், தினசரி வரம்பை ஒன்பதிலிருந்து பன்னிரண்டாக்க அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வார வரம்பு 48-தான், கூடுதல் நேரத்துக்குக் கூலி உண்டு என்கிறார்கள். பதிவேடே இல்லாத பட்டறையில் அந்தக் கூடுதலை யார் கணக்கிடுவது?

ஆகவே ஒரு வேலை தருகிறேன். நாளை முதல் உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். இட்லி வியாபாரம் செய்யும் தாய்மார்களும் எழுதுங்கள்; விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவதும் வேலைதான். ஞாயிறு காலை சங்கத்தில் இருப்பேன், கொண்டு வாருங்கள். வாசலில் நின்ற தம்பி இப்போதே கிளம்பிவிட்டார், இரண்டு மணி நேரம் முடிந்துவிட்டதாம். அவருக்கும் யாராவது சொல்லிவிடுங்கள்.