பிடியரிசியில் நடக்கும் திருப்பணி

‘பிடியரிசி’ என்னும் சொல் நம் வீட்டுப் பெண்டிருக்குப் புதியதன்று. உலையில் இடுவதற்கு முன்பு ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலத்தில் சேர்த்து வைப்பதும், அது நிறைந்ததும் கோயிலுக்கோ அன்னதானத்திற்கோ கொடுப்பதும் தமிழ்நாட்டில் பழகிப்போன அறம். காஞ்சிப் பெரியவர் இதனை ஒரு திட்டமாகவே வகுத்து ஊர்தோறும் நடத்தச் சொன்னார். திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவ இல்லங்களிலும் இவ்வழக்கம் உண்டு. தெலுங்கு நாட்டுக்குத் தங்கள் செலவிலேயே ஊழியரை அனுப்பும்பொருட்டு 1903இல் அங்கே தோன்றிய இந்திய மிஷனெரி சங்கத்தின் பின்னால் எளிய குடும்பங்களின் காணிக்கை இருந்தது.

இதே பிடியரிசியைக் கொண்டு நம் நாட்டின் கிழக்கெல்லையில் ஒரு மலைநாட்டுச் சபை, நூற்றுக்கணக்கான கல் தொலைவிலும் கடல் கடந்தும் ஊழியரை அனுப்பிப் பராமரித்து வருகிறது. அது மிஸோரத்திலுள்ள பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை. பெயர் நீளமாயினும் பொருள் எளிது. பேராயர் ஆட்சி இன்றி, சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்கள் கூடி நடத்தும் சபை என்பதே அதன் பொருள். சென்னை எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட ‘கர்க்’ என்னும் ஆலயத்தைக் கண்டவர்கள் இம்மரபின் ஸ்காட்லாந்துக் கிளையை அறிவார்கள். மிஸோரத்துக்கு வந்தது வேல்ஸ் நாட்டுக் கிளை.

அது முதலில் வந்திறங்கிய இடம் காசி மலைகள். காசி என்றதும் நேயர்கள் கங்கைக் கரையை நினைக்க வேண்டா. நான் குறிப்பது சிரபுஞ்சி மழை பொழியும் மலைகளை. 1840இல் லிவர்பூல் நகரில் வேல்ஸ் சபையார் தமக்கெனத் தனியாக ஒரு மிஷன் சங்கம் நிறுவினர். அதன் முதல் ஊழியரான தாமஸ் ஜோன்ஸ் 1841 ஜூன் மாதம் சிரபுஞ்சியை அடைந்தார். அவரை அனுப்பியவர்கள் அரசரோ வணிகக் கம்பெனியோ அல்லர். கற்சுரங்கத் தொழிலாளரும் சிறு குடியானவரும் அவர்தம் பிள்ளைகளும் ஞாயிறுதோறும் போட்ட செப்புக் காசுகளே அனுப்பின. ஆங்கிலத்தின் நிழலில் தம் தாய்மொழியைக் காத்துவந்த சிறு மக்களினம் அது. ஜோன்ஸ் காசி மொழிக்கு ரோமன் எழுத்து வகுத்தபோது வேல்ஸ் மொழியின் எழுத்துமுறையைத் தழுவினார். சிறு மொழியின் அருமை சிறு மொழிக்காரருக்குத்தான் தெரியும் போலும்! மொழிபெயர்ப்பே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இச்செய்தியில் தனி ஈடுபாடு உண்டு.

மிஸோரத்தின் கதை சற்று வேறு வகையாகத் தொடங்கியது. லுஷாய் மலைகள் என்று அப்போது வழங்கிய அந்நாட்டிற்கு 1894 ஜனவரியில் லொரேன், ஸேவிட்ஜ் என்னும் இரண்டு ஆங்கிலேயர் வந்தனர். அவர்களுக்குப் பணம் கொடுத்தவர் லீட்ஸ் நகரத்து ராபர்ட் ஆர்திங்டன். பெருஞ்செல்வர், ஆயினும் ஒற்றை அறையில் துறவியைப்போல் வாழ்ந்து, சேர்த்ததெல்லாம் மிஷன் பணிக்கே என்று வைத்தவர். அவர் கொடையால் வந்த இருவரும் நான்கே ஆண்டுகளில் மிஸோ மொழிக்கு எழுத்து அமைத்தனர்; பாடப்புத்தகம் எழுதினர்; சுவிசேஷப் பகுதிகளை மொழிபெயர்த்தனர். ஆனால் ஆர்திங்டனுக்கு ஒரு கொள்கை இருந்தது. ஓரிடத்தில் நெடுங்காலம் தங்குதல் கூடாது; செய்தியைச் சொல்லிவிட்டு, அது எட்டாத அடுத்த இடத்திற்குப் போய்விட வேண்டும் என்பார். மொழி வசப்பட்டு, மக்கள் அருகில் வரத் தொடங்கிய வேளையில், 1897 முடிவில், இருவரும் மலையை விட்டு இறங்கினர். கொடையாளியின் மனமே ஊழியத்தின் அளவாயிற்று. பிற்பாடு 1903இல் பாப்டிஸ்ட் சங்கத்தின் சார்பில் அவர்கள் தென்பகுதிக்குத் திரும்பி வந்தது வேறு கதை. லொரேன் தொகுத்த பேரகராதி 1940இல் கல்கத்தாவில் வெளியாயிற்று. வடபகுதியை 1897இலேயே வேல்ஸ் மிஷன் ஏற்றுக்கொண்டது.

அந்த வேல்ஸ் மிஷனின் காலத்தில், 1910இல், மிஸோ இல்லங்களில் பிடியரிசி தொடங்கிற்று. அவர்கள் மொழியில் அதற்கு ‘பூஃபாய் தாம்’ என்று பெயர். ‘பூஃபாய்’ என்பது தீட்டிய அரிசி. ‘தாம்’ என்பது ஒரு கைப்பிடி. நாம் நெல், அரிசி, சோறு என்று மூன்று சொற்களால் பிரித்துச் சொல்வதை அவர்களும் பிரித்தே சொல்கிறார்கள். ஆங்கிலத்திலோ மூன்றும் ஒன்றுதான்.

முறை மிக எளிது. காலையிலும் மாலையிலும் சமைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைப்பார்கள். சபைப் பெண்கள் முறைவைத்து வீடு வீடாகச் சென்று அதனைத் திரட்டுவார்கள். திரண்டதை விற்றுக் கிடைக்கும் தொகை திருப்பணிக்குச் சேரும். ஒரு பிடி ஏறக்குறைய ஐம்பது கிராம் என்று கொள்வோம். நாளொன்றுக்கு இரு பிடி. ஆண்டொன்றுக்கு முப்பத்தாறு கிலோவுக்குச் சற்று மேல். நூறு வீடுள்ள ஊரில் 3,600 கிலோவுக்குமேல் சேர்ந்துவிடும். கையில் காசு புழங்காத காலத்தில், மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்து விதைத்த நெல்லே செல்வமாக இருந்த மக்கள், காசில்லை என்று ஒதுங்காமல் இருந்ததைக் கொடுத்தனர். அரிசியோடு நிற்கவில்லை. திருப்பணிக்கென்று விறகு சேர்த்து அடுக்குவார்கள். தோட்டம் போட்டு விளைச்சலை விற்பார்கள்.

நம்மில் பலர் டில்லியிலோ பம்பாயிலோ தமிழ்ச் சங்கக் கட்டடத்திற்காக ரசீதுப் புத்தகமும் கையுமாக மாடிப்படி ஏறி இறங்கியிருப்போம். பத்து ரூபாய் கொடுத்தவரும் தம் பெயரைக் கல்லில் எதிர்பார்ப்பார். குழல்விளக்கின் ‘உபயம்’ விளக்கொளியையே மறைக்கும் கதை நமக்குத் தெரிந்ததுதானே! பிடியரிசியில் அதற்கு இடமில்லை. ஏழை வீட்டு அரிசியும் செல்வர் வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் விழுந்த பிறகு பெயர் ஏது?

இந்த ஏற்பாட்டின் வலிமை பின்னர் ஒரு நெருக்கடியில் புலனாயிற்று. 1966 மார்ச்சில் மிஸோ மலைகளில் கிளர்ச்சி மூண்டது. அய்ஸால் நகரின்மீது விமானங்கள் குண்டு வீசின. பின்னர் ஊர்களைக் கலைத்து மக்களைச் சாலையோரக் குடியிருப்புகளில் ஒன்றுசேர்த்தனர். அப்பதிற்றாண்டின் இறுதிக்குள் வேல்ஸ் மிஷனரிமார் அனைவரும் வெளியேற நேர்ந்தது. 1897இல் ஒரு தனவந்தரின் கொள்கை ஊழியரை இறக்கியது. இப்போது அரசின் ஆணை இறக்கியது. ஆயினும் இம்முறை பள்ளியும், டுர்ட்லாங் மருத்துவமனையும், சபையும் நிலைத்தன. நெடுங்காலமாக அவற்றைத் தாங்கக் கற்றிருந்த கைகள் அந்நாட்டிலேயே இருந்தன. இருபதாண்டுக் கலகம் 1986 உடன்படிக்கையால் ஓய்ந்தபோது, அச்சபை பிறர் ஊழியத்தைப் பெறும் சபையாக இல்லை. ஊழியரை அனுப்பும் சபையாக இருந்தது. அஸ்ஸாம், அருணாசலம், நேபாளம் எனப் பல இடங்களுக்கு அவர்கள் போயினர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்ஸ் நாட்டுக்கும் மிஸோ போதகர் சென்றார். அங்கே ஆலயங்கள் பல ஆளின்றி அடைபட்டு, சில வீடுகளாகவும் மாறியிருந்தன.

எல்லாம் இலாபமே என்று சொல்லேன். இளைஞர் கூடி வாழ்ந்த ‘ஸவ்ல்பூக்’ என்னும் பொது விடுதி மறைந்தது. முரசைத் தொடக்கத்தில் ஆலயத்திற்கு ஆகாதென்று விலக்கினர். பின்னர் மக்களே அதனை உள்ளே கொண்டுவந்து, தங்கள் பாட்டுக்குத் துணையாக்கிக்கொண்டனர். தமக்கு நேர்ந்த இழப்பை உணர்ந்த சபை, தான் போகும் இடத்து மக்களின் வழக்கங்களிடம் எத்தகைய மதிப்புக் காட்டுகிறது என்ற கேள்வி அதனிடமே கேட்கத் தக்கது. இன்னொன்றும் உண்டு. அரிசியை எடுத்தவரும் பெண்கள், திரட்டியவரும் பெண்கள், விற்றவரும் பெண்கள். ஆனால் நெடுங்காலம் போதகராக அருட்பொழிவு பெறும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஒரு சபையின் பணப்பெட்டி அடுக்களையிலும் அதன் செலவை முடிவு செய்யும் நாற்காலி வேறிடத்திலும் இருப்பது முறையென்று எனக்குத் தோன்றவில்லை.

அலுவல் நிமித்தம் அய்ஸால் சென்றபோது ஒரு மாலை, உடன் பணிபுரிபவர் வீட்டில் உணவருந்தினேன். அவர் தாயார் எனக்காக மேலும் ஒரு குவளை அரிசி அளந்தார். அளந்ததிலிருந்து ஒரு பிடியை எடுத்து, அடுப்பருகே இருந்த தகர டப்பாவில் இட்டார். விருந்தினர் பங்கிலிருந்துமா என்று கேட்டேன். மகன் மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மூதாட்டி சிரித்தார். உங்கள் அரிசி எங்கே போகிறது என்று மீண்டும் கேட்டேன். ‘சபைக்கு’ என்று சொல்லி முடிப்பார் என எண்ணினேன். அவரோ, அருணாசலத்தில் ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். அங்கே பள்ளி நடத்தும் இளம் தம்பதியைப் பற்றிச் சொன்னார். அவர்கள் குழந்தைக்குப் போன மாதம் காய்ச்சலாம். அங்கே பாலம் உடைந்துபோனதால் மருந்து போய்ச்சேரத் தாமதமாயிற்றாம். அந்த வாரக் கூட்டத்தில் கடிதத்தை வாசித்தார்களாம். அவ்வூரை அவர் கண்டதில்லை. மாநில எல்லையைத் தாண்டியதே இல்லை என்று மகன் சொன்னார். பேசிக்கொண்டே டப்பாவின் மூடியை அழுத்தி மூடிவிட்டு, உலை கொதிக்கிறதா என்று பார்க்கத் திரும்பினார்.