பட்டறிவைப் பகிர்ந்த பாவலர்

(நாமக்கல் பாவலர் வெ. இராமலிங்கனார் நினைவுநாள் உரை)



நண்பர் ஒருவர் மறைந்தால் பழகியவர் முதலில் தேடுவது எதனை? அவர் ஈட்டிய பொருளையன்று, அவர் குரலைத்தான். மாலைவேளையில் திண்ணையில் அமர்ந்து, 'அன்று நடந்ததைக் கேளுங்கள்' என்று தொடங்கும் அக்குரல் சில ஆண்டுகள் கேட்டோர் நெஞ்சில் ஒலிக்கும். கேட்டோரும் மறைந்தபின் அடங்கிப்போகும். 1972 ஆகத்து 24 ஆம் நாள் மறைந்த இராமலிங்கனாரின் குரலோ இன்னும் அடங்கவில்லை. தாம் கண்டதையும் பட்டதையும் 'என் கதை' என்னும் நூலாக அவர் எழுதிவைத்துச் சென்றார். அதனாலேயே அக்குரல் வாழ்கிறது.

பட்டறிவைப் பகிர்தல் தமிழர்க்குப் புதிதன்று. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை எதன்மேல் எழுந்தது? வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியில் வறுமையோடு வரும் மற்றொரு கலைஞனைக் காண்கிறான். பெற்ற பொருளை மறைத்துக்கொண்டு ஒதுங்கிச் செல்கின்றானா? இல்லை. தான் சென்ற வழியையும், அவ்வழியின் இடரையும், சேரும் ஊரையும் எடுத்துரைத்து அவனை ஆற்றுப்படுத்துகின்றான். பத்துப்பாட்டுள் சரிபாதியான ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகையின என்றால், இப்பண்பைத் தமிழர் எவ்வளவு போற்றினர் என்பது விளங்கும்.

நாமக்கல் சமவெளியில் நின்று கிழக்கே நோக்கினால் கொல்லிமலை தெரியும். அம்மலைக்குரிய வல்வில் ஓரியின் வேட்டையை வன்பரணர் புறநானூற்றின் 152 ஆம் பாட்டில் வடித்துள்ளார். ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்திப் புலியை ஊடுருவி, மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தங்கியது. வேட்டையாடியவன் பாணர் குழுவுக்கு ஊனும் கள்ளும் பொன்னும் வழங்கினான். காட்டிடையே நிகழ்ந்த அந்த அருஞ்செயல் இன்றும் அறியப்படுவது எதனால்? கண்டவர் வாளா இருந்துவிடாது பாடிவைத்தமையால் அன்றோ!

அம்மலையை நோக்கி வளர்ந்தவரே இராமலிங்கனார். 1888 அத்தோபர் 19 ஆம் நாள் காவிரிக்கரை மோகனூரில் பிறந்தார். தந்தையார் காவல்துறையில் பணியாற்றியவர். மகன் கையிலோ தூரிகை அமர்ந்தது. 1911 இன் இறுதியில் தில்லியில் ஐந்தாம் சார்ச் மன்னரின் முடிசூட்டு விழா நடந்தது. அதனை அடுத்துத் தில்லி சென்ற இராமலிங்கனார் அம்மன்னரை ஓவியமாகத் தீட்டிப் பொற்பதக்கம் பெற்றார். இருபது ஆண்டு சென்றபின், 1932 இல், அதே மன்னரின் ஆட்சி அவரை ஓராண்டு சிறையில் அடைத்தது. பதக்கம் அளித்தவர்க்குத் தம் நெஞ்சை அவர் விற்றுவிடவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இடைப்பட்ட காலத்தில், 1930 இல், உப்பு அறப்போர் எழுந்தது. இராசாசி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் ஏப்பிரல் 13 ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து திருமறைக்காட்டுக்கு நடந்தனர். ஏறத்தாழ 150 கல் தொலைவு. அவர்கள் வெயிலில் பாடி நடப்பதற்கு வழிநடைப்பாட்டு யாத்துத் தந்தவர் இராமலிங்கனாரே. கால் சோர்ந்தவனுக்கு ஒரு பாட்டு ஊன்றுகோல் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தில்லிப் பயணமும், பாரதியாரைக் கண்டு தம் பாட்டைப் பாடிக்காட்டிப் பாராட்டுப் பெற்ற நிகழ்ச்சியும் 'என் கதை'யில் உள்ளன. பெரியோரைக் கண்ட மகிழ்ச்சியைத் தமக்கு மட்டும் உரிய பெருமையாகப் பூட்டிவைக்காது, படிப்போரையும் உடன் அழைத்துச் சென்றார் அவர். அருஞ்செயற் கதைகளில் அவருக்கிருந்த வேட்கை 'மலைக்கள்ளன்' என்னும் புதினமாயிற்று. அது 1954 இல் ம.கோ. இராமச்சந்திரன் நடிப்பில் திரைப்படமாகிக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. ஆறு மொழிகளில் திரைக்கு வந்தது.

அரசு அவரை 1949 இல் அரசவைப் பாவலர் ஆக்கியது. சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்துமாடிக் கட்டடம் அவர் பெயரைத் தாங்குகிறது. நாமக்கல்லில் அவர் வாழ்ந்த இல்லம் நினைவில்லமாக விளங்குகிறது. இவை யாவும் நன்றே. ஆயினும், கட்டடத்தின் பெயரைச் சொல்லி அவர் நூலைத் திறவாதிருப்பது நண்பரின் படத்துக்கு மாலையிட்டு அவர் பேச்சைக் கேளாதிருப்பதற்கு ஒப்பாகும்.

இளைஞர்களே! சேலத்திலும் நாமக்கல்லிலும் ஒவ்வோர் ஊரிலும் பட்டறிவு மிக்க முதியோர் உள்ளனர். கிணறு வெட்டியவர், தறி நெய்தவர், மாட்டுவண்டியில் சந்தைதோறும் சென்றவர், வறட்சியில் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தவர் எனப் பலர். அவர்கள் எல்லாரும் நூல் எழுதப்போவதில்லை. கேட்பார் இன்மையால் அவர்தம் கதைகள் அவர்களோடு சுடுகாடு சென்றுகொண்டிருக்கின்றன. இழந்த நிலத்தை மீட்கலாம். கேளாது இழந்த சொல்லை மீட்க இயலாது.

ஆகவே, இன்று இல்லம் திரும்பியதும் பாட்டனார் அருகில் அமருங்கள். 'அன்று என்ன நடந்தது?' என்று கேளுங்கள். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிவையுங்கள். அதுவே நாமக்கல் பாவலர்க்குச் செய்யும் உண்மையான நினைவுக்கடன்.

வாழ்க பாவலர் புகழ்! வெல்க தமிழ்!