மலை உச்சியில் நிறைகுடம் வேண்டாம்

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கேமரன்மலைத் தோட்டங்களுக்கு மின்சார லோரி ஒத்து வருமா?' என்பது இன்றைய தலைப்பு. அதில் எனக்குக் கொடுத்திருப்பது ஒரு சிறு பகுதி. அந்த லோரியின் பேட்டரியை எவ்வளவு சார்ஜ் செய்ய வேண்டும்? கேட்டவுடன் சிலர் சிரிக்கலாம். "இதிலென்ன கேள்வி? கைப்பேசியை 100 வரும் வரை போடுகிறோம். லோரிக்கும் அப்படியே போட வேண்டியதுதானே!"

நான் பொறியாளர் அல்ல. மக்கள் தொடர்பியலில் டிப்ளோமா முடித்துவிட்டு, மற்றவர்களிடம் கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டவள். ஆனால் இந்தக் கேள்விக்கான பதிலைத் தேடிப் பார்த்தபோது, இது மின்சாரக் கட்டணத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று, ஓட்டுநரின் உயிரைப் பற்றிய கேள்வியும்கூட என்பது புரிந்தது.

இன்று மலையில் ஓடுபவை பெரும்பாலும் டீசல் லோரிகளும் பழைய லேண்ட் ரோவர்களும்தான். ஆனால் காலம் மாறுகிறது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு உயர்ந்தது. தகுதி பெற்ற சரக்கு வாகனங்களுக்கு மானிய அட்டை உண்டு என்றாலும், அன்றிலிருந்து சரக்கு ஏற்றுபவர்கள் எல்லாரும் மாற்று வழியைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். மின்சார லோரி நம் மலைக்கு வருவதற்கு முன்பே அதை எப்படி ஓட்டுவது என்று பேசி வைப்பது நல்லதல்லவா?

ஏறும் கியரில் இறங்கு

கேமரன்மலை பகாங் மாநிலத்தில் இருந்தாலும், தேயிலை காலங்காலமாகக் கீழே இறங்குவது பேராக் மாநிலத்தின் தாப்பாவை நோக்கித்தான். ஜே. ஏ. ரசல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை எத்தனையோ லோரிகள் அந்த வளைவுகளில் இறங்கியிருக்கின்றன. தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தாப்பா சுமார் 60 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் லோரி 1,400 மீட்டர் அளவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது.

மலையில் வண்டி ஓட்டிப் பழகிய அண்ணன்மார்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம் என்ன? எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு. பிரேக்கை மிதித்துக் கொண்டே இறங்காதே. இடைவிடாமல் மிதித்தால் பிரேக் சூடேறும். சூடேறிய பிரேக் பிடிக்காது. அதனால் சிறிய கியரில் போட்டு, எஞ்சினையே இழுத்துப் பிடிக்க வைத்து இறங்குவார்கள். பெரிய லோரிகளில் அதற்கு உதவியாக எக்சாஸ்ட் பிரேக்கும் இருக்கும்.

மின்சார லோரியில் அந்த எஞ்சின் இல்லை. அதற்குப் பதிலாக மோட்டார் இருக்கிறது. இறக்கத்தில் அந்த மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தின் ஓட்டத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. அப்படி அனுப்பும்போது லோரியையும் இழுத்துப் பிடிக்கிறது. பிரேக் தேயாது, சூடும் ஏறாது, மின்சாரமும் கிடைக்கிறது. அருமையான ஏற்பாடு!

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. மின்சாரம் வந்து சேர பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். இரவு முழுக்க மலை மேலேயே சார்ஜ் போட்டு, காலையில் 100 சதவீதத்தோடு லோரியை எடுத்தால் இடம் ஏது? பேட்டரி மின்சாரத்தை ஏற்காது. ஏற்காவிட்டால் மோட்டாரால் இழுத்துப் பிடிக்கவும் முடியாது. சில கனரக வண்டிகளில் மிஞ்சிய மின்சாரத்தை வெப்பமாக்கி வெளியேற்றும் கருவி இருக்கிறது. அது இல்லாத வண்டியில் முழுப் பாரமும் சாதாரண பிரேக்கின் தலையில்தான் விழும். நேற்றுவரை காலை எடுத்தவுடன் தானாக வேகம் குறைந்த லோரி, இன்று காலையில் வழுக்கிக் கொண்டு ஓடும். அது தெரியாத ஓட்டுநர் முதல் வளைவில் திகைத்துப் போவார்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

சுமையோடு சேர்த்து ஏழரை டன் எடையுள்ள ஒரு லோரியை எடுத்துக் கொள்வோம். அது 1,400 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 28 யூனிட். வீட்டு மின்கட்டணச் சீட்டில் வருகிறதே, அதே யூனிட்தான். இதில் ஏறத்தாழ பாதி, டயர் உருள்வதிலும் காற்றை எதிர்ப்பதிலும் போய்விடும். மீதி 14 யூனிட்டை யாராவது பிடித்து அடக்கியாக வேண்டும்.

மோட்டார் பிடித்தால், வழியில் ஏற்படும் இழப்பு போக, பேட்டரிக்குச் சுமார் 10 யூனிட் திரும்ப வரும். மோட்டார் பிடிக்காவிட்டால் அந்த 14 யூனிட்டும் பிரேக்கில்தான் சூடாக மாறும். அது எவ்வளவு சூடு? சுமார் 150 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தேநீர் போடுகிற அளவு சூடு. அந்தச் சூட்டை நாம் லோரியின் பிரேக்கில் ஏற்றலாமா? சிந்தித்துப் பாருங்கள். லோரியின் எடை இரண்டு மடங்கானால் சூடும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

லோரியின் பேட்டரி 80 யூனிட் கொள்ளும் என்று வைத்துக் கொள்வோம். திரும்பி வரும் 10 யூனிட் என்பது அதில் எட்டில் ஒரு பங்கு. பேட்டரி நிறைய நிறைய மின்சாரத்தை ஏற்கும் வேகமும் குறையும் என்பதால், அதைவிடச் சற்று அதிகமாகவே இடம் விட வேண்டும். ஆகவே மலையிலிருந்து புறப்படும் லோரியை 80 சதவீதத்தில் நிறுத்துவது பொருத்தமாக இருக்கும்.

"அப்படியானால் திரும்பி வர மின்சாரம் போதுமா?" என்று முதலாளிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 80 சதவீதம் என்றால் 64 யூனிட். தாப்பாவை அடையும்போது அது 74 ஆகியிருக்கும். அதே எடையோடு மலை ஏற ஏறக்குறைய 50 யூனிட் வேண்டும். தானா ராத்தா வந்து சேர்ந்த பிறகும் 20 யூனிட்டுக்கு மேல் மிச்சம் இருக்கும். இது சாலைக்கும் சுமைக்கும் ஏற்ப மாறக்கூடிய மதிப்பீடுதான். ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. நாம் விட்டுவைக்கும் இடத்தில் பெரும்பகுதியை மலையே இலவசமாக நிரப்பித் தருகிறது.

தாப்பாவோடு நிற்காமல் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போக வேண்டுமா? கீழே இறங்கிய பிறகு, சமவெளியில் நிறுத்தித் தாராளமாகச் சார்ஜ் போடுங்கள். மலை ஏறப் போகும் லோரிக்கு முழு சார்ஜ் இருந்தாலும் பாதகமில்லை. ஏறத் தொடங்கியதுமே பேட்டரியில் இடம் உண்டாகிவிடும். மலையடியில் நிரப்பு, மலையுச்சியில் இடம் விடு. இதுதான் சூத்திரம்.

உலகம் கண்ட வழி

இது என் கற்பனை அல்ல. 2017ஆம் ஆண்டு மாடலாக வந்த செவ்ரோலே போல்ட் என்ற மின்சாரக் காரில், மலை மேல் குடியிருப்பவர்களுக்காகவே ஒரு வசதி வைத்திருந்தார்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் சார்ஜ் 90 சதவீதத்துக்கு அருகிலேயே நின்றுவிடும். காலையில் இறங்கும்போது மின்சாரம் வந்து சேர மீதி இடம்.

சுவிட்சர்லாந்தில் பியல் நகருக்கு அருகே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம். அங்கே 45 டன் எடையுள்ள ஒரு ராட்சத லோரியை மின்சார வண்டியாக மாற்றினார்கள். அதற்கு 600 யூனிட் பேட்டரி. வெறுமையாக மலை ஏறும். 65 டன் கல்லைச் சுமந்துகொண்டு இறங்கும். ஏறும்போது செலவாகிற மின்சாரத்தை இறங்கும்போது மலையிடமிருந்து திரும்ப வாங்கிக் கொள்ளும்.

அந்த லோரிக்கும் நம் தோட்டத்து லோரிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அது கீழிருந்து ஏறுகிறது. உச்சியை அடையும்போதே பேட்டரியில் இடம் உண்டாகியிருக்கும். நம் லோரியோ இரவில் உச்சியிலேயே தூங்குகிறது. அதற்கு நாம்தான் இடம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள சுவிட்சர்லாந்துவரை போக வேண்டியதில்லை. ரிங்லெட்டில் இருக்கும் சுல்தான் அபு பக்கார் அணையைப் பாருங்கள். மலைத் தண்ணீரைத் தேக்கி, கீழே இறங்கும் வேகத்தில் மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்காக 1960களில் எழுந்த அணை அது. பல்லாண்டுகளாக மலைச்சரிவுகளை வெட்டியதால் மண் அரித்து வந்து, தண்ணீருக்கான இடத்தைப் பிடித்துக் கொண்டது. 2013 அக்டோபர் 23ஆம் தேதி அதிகாலையில் பெருமழை. தண்ணீரைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. கொள்ள இடமில்லாதபோது மேலும் வந்து சேர்வது எப்படி ஆபத்தாகிறது என்பதைக் கேமரன்மலை மக்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

பேட்டரிக்கும் இதுவே நல்லது

நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்த பேட்டரிகளை எப்போதும் முழுமையாக நிரப்பி வைத்தால், அதிலும் வெயிலில் நிறுத்தி வைத்தால், அவை சீக்கிரம் முதுமை அடையும். அதனால்தான் அன்றாடப் பயன்பாட்டுக்கு 80 சதவீதம் போதும் என்று பல நிறுவனங்கள் சொல்கின்றன. கடைசி 20 சதவீதம் ஏறுவதற்குத்தான் நேரமும் அதிகம் பிடிக்கும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற வேறு வகையும் இருக்கிறது. அதை அவ்வப்போது 100 சதவீதம் நிரப்பச் சொல்வார்கள். நிரப்பினால்தான் மீட்டர் சரியான அளவைக் காட்டும். அந்த வகை லோரி வைத்திருப்பவர்கள் முழு சார்ஜை மலையடியில் வைத்துக் கொள்ளட்டும். மலை மேல்தான் செய்ய வேண்டும் என்றால், இறங்குவதற்கு முன் தோட்டத்துக்குள்ளேயே ஏற்றப் பாதையில் கொழுந்து எடுக்க ஓடி, கொஞ்சம் செலவழித்துவிட்டு இறங்கட்டும். எந்த வகை பேட்டரியாக இருந்தாலும், நிறைந்திருக்கும்போது இறக்கத்தில் கை கொடுக்காது என்பது பொதுவான உண்மை.

யார் முடிவு செய்வது?

நேயர்களே, மலைச்சாலை யாரையும் மன்னிப்பதில்லை. 2010 டிசம்பர் 20ஆம் தேதி கேமரன்மலையிலிருந்து சிம்பாங் பூலாய் இறங்கும் சாலையில் பேருந்து கவிழ்ந்து, தாய்லாந்துச் சுற்றுப்பயணிகள் உட்பட 25க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2025 ஜூன் 9ஆம் தேதி கெரிக் அருகே நடந்த பேருந்து விபத்தில் 15 பல்கலைக்கழக மாணவர்களை இழந்தோம். அவற்றின் காரணங்களை அலச நான் இங்கே வரவில்லை. இறக்கத்தில் வேகத்தை அடக்கும் எந்த வழியையும் நாம் வீணாக்கக் கூடாது என்பதற்காகவே அவற்றை நினைவூட்டுகிறேன்.

ஆகவே தோட்ட நிர்வாகங்களுக்கும் காய்கறி மொத்த வியாபாரிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். மின்சார லோரி வாங்கும் நாளில், சார்ஜ் போடும் இடத்தில் ஒரு பலகையும் மாட்டுங்கள். நாளை எந்த லோரி எங்கே போகிறது, எவ்வளவு சுமை, எத்தனை சதவீதத்தில் நிறுத்த வேண்டும் என்று முதல் நாள் மாலையே அதில் எழுதுங்கள். இரவுக் காவலர் அறியாமல் 100 வரை விட்டுவிட்டால், "இந்த லோரியை இப்போது இறக்க மாட்டேன்" என்று சொல்லும் உரிமை ஓட்டுநருக்கு இருக்கட்டும். அதற்காக அவர் சம்பளத்திலோ டிரிப் கணக்கிலோ கை வைக்காதீர்கள்.

ஓட்டுநர் அண்ணன்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மோட்டார் இழுத்துப் பிடிக்கிறதா என்று முதல் இறக்கத்திலேயே மெதுவாகச் சோதித்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். மோட்டார் பிடித்தாலும் பிரேக்கைப் பராமரிக்காமல் விட்டுவிடாதீர்கள். வேகம் குறைவாக இருக்கட்டும்.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். சமவெளியில் அது சரி. மலை உச்சியிலிருந்து இறங்குகிறவன் குடத்தில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் இறங்க வேண்டும். அந்த 20 சதவீத இடம் மின்சாரத்துக்காக மட்டும் விடுகிற இடம் அல்ல. வீட்டில் காத்திருக்கும் ஒரு குடும்பத்துக்காக விடுகிற இடம்.