நாற்படையாட்டமும் நயன்மையும்

 

சதுரங்கம் என்று வழங்கும் நாற்படையாட்டத்தைப் போல் நேர்மையானதோர் ஆட்டம் இல்லை என்பர். இரு பக்கத்தார்க்கும் பதினாறு பதினாறு காய்கள். கட்டங்கள் அறுபத்து நான்கும் இருவர் கண்முன்னும் திறந்து கிடக்கின்றன. தாயக்கட்டையின் குருட்டுப் பேற்றுக்கு அங்கே இடமில்லை. வெள்ளைக்கு முதல் நகர்வு என்னும் சிறு மேம்பாடும், நிறத்தை மாறி மாறி எடுத்துக் கொள்வதால் ஈடுகட்டப் பெறுகின்றது. பலகைக்கு உள்ளே முறை இத்துணைச் செப்பமானது. பலகைக்கு வெளியிலோ? உலகத் தலைமைப் பட்டத்துக்கு யார் யாரோடு, எப்பொழுது, எத்தனை ஆட்டம் ஆடுவது என்று எழுதப்பெறும் ஒழுங்குகளில்தான் நேர்மை பன்முறை வழுக்கி வீழ்ந்திருக்கின்றது.

1946-இல் அலெக்கைன் பட்டத்தோடு மறையும் வரை, அப்பட்டம் அதனை வைத்திருந்தவரின் சொந்த உடைமை போன்றே இருந்தது. 1927-இல் புவெனோசு ஐரிசு நகரில் அவரிடம் தோற்ற காப்பபிளாங்கா, மறுபோட்டி வேண்டிப் பல்லாண்டு காத்திருந்தார், அது நடைபெறவேயில்லை. வைத்திருப்பவர் இசைந்தால் போட்டி, மறுத்தால் கேட்பாரில்லை. 1948 முதல் பிடே எனப்படும் உலகக் கூட்டமைப்பு பட்டத்தைத் தன் பொறுப்பில் ஏற்றது.

அத்துடன் உடையவன் பக்கம் சாயும் கோல் நிமிர்ந்து விட்டதா? இல்லை! பட்டத்தை இழந்தவர் மறுபோட்டி கேட்கலாம் என்றோர் ஒழுங்கு இருந்தது. சோவியத்து நாட்டுப் போத்துவின்னிக்கு 1957-இல் சிமிசுலோவிடம் தோற்றார், 1958-இல் மீட்டார். 1960-இல் தாலிடம் தோற்றார், 1961-இல் மீட்டார். மீட்டது அவர் திறமையே, ஐயமில்லை. ஆயினும், அறைகூவி வந்தவர் பல சுற்றுகள் ஆடி ஏறிவர வேண்டும்; வென்ற பின்னும் மீண்டும் ஒருமுறை வெல்ல வேண்டும். தோற்றவர்க்கோ ஏணியே வேண்டியதில்லை. பிற்பாடு அவ்வொழுங்கு நீக்கப் பெற்றது. 1963-இல் பெத்திரோசியனிடம் தோற்ற போத்துவின்னிக்குக்கு மறுபோட்டி இல்லை.

அடுத்து, 1975. பட்டம் அமெரிக்கராகிய பாபி பிசர் கையில். முதலில் பத்து வெற்றி பெறுபவரே தலைவர். நிகராக முடியும் ஆட்டங்கள் கணக்கில் சேரா. ஒன்பதுக்கு ஒன்பது என்று நின்றால் போட்டி முடிந்து, பட்டம் பழையவர்க்கே என்றார் அவர். கடைசிக் கட்டளையைச் சற்றே எண்ணிப் பாருங்கள்! அதன்படி 10–9 என்னும் வெற்றி அறைகூவி வந்தவர்க்குக் கிட்டவே கிட்டாது. குறைந்தது 10–8 என்று அவர் வென்றாக வேண்டும். அதற்கு முன்பிருந்த 24 ஆட்ட முறையிலும் 12–12 என்றால் பட்டம் பழையவர்க்கே. ஆனால், ஒரே ஒரு வெற்றி மிகுந்தாலும் பட்டம் கைமாறும். ஒன்று போதும் என்றிருந்த இடத்தில் இரண்டு கேட்கப் பெற்றது. கூட்டமைப்பு பத்து வெற்றியை ஏற்றது. ஒன்பதுக்கு ஒன்பதை மறுத்தது. பிசர் ஆட வரவில்லை. 1975 ஏப்பிரல் 3-ஆம் நாள், ஒரு காயும் நகராமலே, சோவியத்து நாட்டுக் கார்ப்போவு தலைவராக அறிவிக்கப் பெற்றார்.

அதே கார்ப்போவின் பக்கம் பின்னொரு நாள் கோல் சாய்ந்தது. அதன் சுமையைத் தாங்கியவர் தமிழ்நாட்டவராகிய விசுவநாதன் ஆனந்து.

1993-இல் காசுப்பரோவும் சார்ட்டும் கூட்டமைப்பை விட்டுப் பிரிந்து ஆடினர். பட்டம் இரண்டாகப் பிளந்தது. கூட்டமைப்பின் பட்டம் கார்ப்போவிடம் வந்து சேர்ந்தது. 1997 திசம்பரில் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில், தோற்றவர் வெளியேறும் முறையில் ஏறத்தாழ நூறு பேர் மோதினர். கார்ப்போவு அவர்களுள் ஒருவரல்லர்; அவர்க்கு இறுதிப் போட்டியில் இருக்கை முன்னமே போடப் பெற்றிருந்தது. இதனை ஒவ்வாத கிராம்னிக்கு ஆட மறுத்தார். ஆனந்து ஆடினார். சுற்றுக்குச் சுற்று வென்று, கடைசியில் ஆடம்சோடு வழக்கமான ஆட்டங்கள் நிகராகி, விரைவாட்டங்களும் நிகராகி, இறுதி மின்னலாட்டத்தில் வென்றார். அன்று திசம்பர் 30. சனவரி 2-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் இலோசான் நகரில் தலைமைப் போட்டி! மூன்று கிழமைகள் ஓயாது ஆடிக் களைத்தவர் ஒரு பக்கம். இளைப்பாறி, ஆயத்தம் செய்து காத்திருந்தவர் மறுபக்கம். அந்நிலையிலும் ஆறு ஆட்டங்களில் 3–3 என்று நிகர் நின்றார் ஆனந்து. பின்னர் விரைவாட்டம் இரண்டிலும் தோற்றார்.

கார்ப்போவு ஒழுங்கு எதனையும் மீறினாரல்லர்; வல்லமையிலும் குறைந்தவரல்லர். குற்றம் ஆடியவரிடம் இல்லை. எழுதிய ஒழுங்கில் இருந்தது. 1999-இல் இலாசு வேகாசு போட்டிக்கு அச்சலுகை நீக்கப் பெற்றது. கார்ப்போவு ஆட மறுத்தார். 2000-இல் தெகுரானில் சிரோவை 3½–½ என்று வென்று ஆனந்து பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றவர்க்குச் சிறப்பே கூடாதா என்று கேட்பார் உளர். சிறப்பு வேண்டும், அறைகூவி வருபவரை இறுதிப் போட்டியில் எதிர்கொள்வதே அச்சிறப்பு. ஆனால், எதிராளி களைத்து வரும்படி நாள் குறிப்பதும், அவர் மட்டும் இருமடங்கு வெல்ல வேண்டும் என்பதும் சிறப்பல்ல, வேலி. 2012-இல் மாசுக்கோவில் தலைவராக அமர்ந்திருந்தவர் ஆனந்து. கெல்பாந்தோடு 12 ஆட்டங்கள் 6–6 என்று நிகராயின. பழைய முறையாயின் பட்டம் அங்கேயே அவர்க்கு உறுதியாகியிருக்கும். புதிய முறை அச்சலுகையைத் தரவில்லை. அவர் விரைவாட்டம் ஆடி, 2½–1½ என்று வென்றே பட்டத்தைக் காத்தார். அவ்வெற்றியை யாரே குறை கூறுவர்?

ஆதலின், ஓர் ஒழுங்கு நேரியதா என்றறிய ஓர் உரைகல் போதும். எழுதுகின்றவர் தாம் எந்த இருக்கையில் அமரப் போகின்றார் என்பதை மறந்து எழுதினாரா? இரு பெயர்களையும் இடம் மாற்றி எழுதினாலும் அதில் கையெழுத்திட அவர் இசைவாரா? இசைவார் எனின் அது நயன்மை. தயங்குவார் எனின், காய்கள் அடுக்கப் பெறும் முன்னரே அங்கே ஆட்டம் தொடங்கிவிட்டது என்பதே பொருள்.