முடிச்சுக்கு நியாயமான கூலி
(சிம்மக்கல்லில் நடந்த கூட்டமைப்பு ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)

நான் சோழவந்தான் பக்கத்துக் கிராமம். பத்தாவது படிச்சிருக்கேன். மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கமில்லை. "சுங்குடி ஆர்டர் செஞ்ச கதையை நீயே சொல்லு" என்று செயலாளர் அக்கா சொன்னதால் வந்து நிற்கிறேன்.

மதுரைச் சுங்குடி நமக்கெல்லாம் தெரிஞ்சதுதான். துணியை நகத்தால் கிள்ளி, நூல் சுற்றி, முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி எடுப்பது. காய்ந்த பிறகு நூலைப் பிரித்தால், கட்டின இடமெல்லாம் புள்ளி. 2005-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தத் தொழிலை வளர்த்தவர்கள் சௌராஷ்டிர மக்கள். குஜராத் பக்கமிருந்து வந்து, மகாலைச் சுற்றிக் குடியிருக்கிறவர்கள். நம்மகிட்ட நல்ல தமிழ் பேசுவார்கள். வீட்டுக்குள்ளேயும் வேலைக்குள்ளேயும் அவங்க மொழிதான்.

எங்கள் குழுவில் 14 பேருக்கு முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுத்தது மகால் பக்கத்து அக்கா ஒருத்தர். சாயம் போடுவதும் அவர் வீட்டில்தான். நாங்கள் தமிழ், அக்கா சௌராஷ்டிரம். நியாய வணிகக் கடைகளுக்குப் பொருள் வாங்க வடக்கே இருந்து வந்த டிசைனர் அம்மாவுக்கோ இந்தியும் இங்கிலீசும்தான். மூணு மொழியை வெச்சுக்கிட்டு 40 துப்பட்டா எப்படிச் செய்தோம் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதல் நாள் அந்த அம்மா விரலைக் காட்டிக் காட்டிப் பேசினாங்க. எங்களுக்கு ஒண்ணும் பிடிபடலை. அக்கா சத்தமாகப் புள்ளி எண்ண ஆரம்பிச்சாங்க. மூணு, நாலு, அஞ்சு என்று அவங்க மொழியில் சொல்வதும் இந்தியில் சொல்வதும் கிட்டத்தட்ட ஒண்ணாக இருக்கு! அந்த அம்மா முகம் மலர்ந்து கூடவே எண்ணினாங்க. ஒரு பூவுக்கு எத்தனை முடிச்சு, ஒரு வரிசைக்கு எத்தனை பூ என்பது அப்படித்தான் முடிவாச்சு.

அடுத்தது கலர். நாம "எம்.எஸ். புளூ" என்றால் மதுரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெங்காயக் கலர், கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் எல்லாம் நமக்குக் கண்ணில் நிற்கும். வடக்கே இருந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்? போன் போட்டோவில் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு கலர். முன்னாடி ஒரு வியாபாரி போனிலேயே கலர் சொல்லி, சாயம் போட்டு முடிந்த பிறகு "இது நான் சொன்ன நீலம் இல்லை" என்று 12 துப்பட்டாவைத் திருப்பி அனுப்பினார். நஷ்டம் முழுக்க எங்கள் தலையில்.

இந்தத் தடவை அக்கா ஒரு வழி செய்தாங்க. ஒவ்வொரு சாயத்திலும் ஒரு துண்டுத் துணி முக்கி, காய வைத்து, இரண்டாக வெட்டி, இரண்டு பாதியிலும் ஒரே நம்பரை எழுதினோம். ஒரு பாதி அந்த அம்மாவிடம், ஒரு பாதி எங்கள் நோட்டில். "9-ம் நம்பர் வேணும்" என்றால் போதும். இடைவெளிக்கும் அப்படித்தான். "ஒரு விரல்கடை" என்றால் ஆளுக்கு ஆள் விரல் மாறும். அதனால் ஒரு குச்சியில் கோடு போட்டு, அதே அளவில் இரண்டு குச்சி செய்து ஆளுக்கு ஒன்று. 40 துப்பட்டாவில் ஒண்ணுகூடத் திரும்பி வரலை.

இனி கூலிக்கு வருகிறேன். மொழியைவிட இதுதான் பெரிய சிக்கல். முன்னாடி 100 முடிச்சுக்கு 4 ரூபாய் வாங்கினோம். கடிகாரம் வைத்துப் பார்த்தால், ஒரு மணி நேரத்தில் ஒருத்தருக்கு 180 முடிச்சு விழுகிறது. ஒரு துப்பட்டாவுக்கு 3,600 முடிச்சு. அப்படியென்றால் 20 மணி நேரம். கூலி 144 ரூபாய். மணிக்கு 7 ரூபாய் சொச்சம்! 2024-25-ல் நூறு நாள் வேலைக்கு அரசு சொன்ன கூலி நாளைக்கு 319 ரூபாய். எட்டு மணி நேரமென்று வைத்தாலும் மணிக்கு 40 ரூபாய்க்குப் பக்கம். கண் எரிய, கழுத்து வலிக்க உட்கார்ந்து செய்கிற கைவேலைக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இப்படி இருந்தால் நம்ம பிள்ளைகள் இந்தத் தொழிலைத் தொடுமா?

இந்தக் கணக்கை எழுதி அந்த அம்மா முன்னால் வைத்தோம். எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லையே. பேசிப் பேசி 100 முடிச்சுக்கு 18 ரூபாய் என்று முடிந்தது. துப்பட்டாவுக்கு 648 ரூபாய். இன்னும் 150 ரூபாய் குறைவுதான். அடுத்த ஆர்டரில் அதையும் கேட்போம்.

நியாய வணிகம் என்பது தர்மம் பார்த்துக் கொடுக்கிற காசு இல்லை. உலக நியாய வணிக அமைப்பு என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் பத்துக் கொள்கைகள். நியாயமான கூலி அதில் ஒன்று. கைவினைப் பொருளுக்கு நாம் கேட்டால் பாதிப் பணத்தை வட்டியில்லாமல் முன்பணமாகக் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கினோம். நூலுக்கும் சாயத்துக்கும் கந்துக்காரரிடம் போகலை.

தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் லம்பாடிப் பெண்கள் இருக்கிறார்கள். அவங்களுக்கும் தனி மொழி. அவங்க பூத்தையல் வேலை மறந்தே போய், வயதான ஒன்றிரண்டு பேர் கையில்தான் மிஞ்சியிருந்தது. அங்கே ஆஸ்பத்திரி நடத்துகிற டாக்டர் லலிதா ரெஜி துணை நிற்க, அந்த மூதாட்டிகளிடமே மற்றப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். இன்று அவங்க சங்கத்துக்குப் பெயர் 'போர்கை'. அவங்க மொழியில் பெருமை என்று அர்த்தம். பெயரைக்கூட அவங்க மொழியிலேயே வைத்தார்கள் பாருங்க.

அதனால் கூட்டமைப்பிடம் மூன்று கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, எந்தக் கைவேலை ஆர்டர் வந்தாலும் கடிகாரம் வைத்து நேரம் பார்த்த பிறகே விலை சொல்ல வேண்டும். இரண்டு, மாதிரித் துணி நோட்டும் பாதி முன்பணமும் இல்லாமல் வேலையைத் தொடக்கூடாது. மூன்று, நம்ம துப்பட்டாவில் கட்டுகிற அட்டையில் குழுவின் பெயரோடு, சொல்லிக் கொடுத்துச் சாயம் போட்ட சௌராஷ்டிரப் பெண்களின் பெயரும் வர வேண்டும். அவங்க கொடுத்த தொழில் இது. நாம உரிய கூலி கேட்கிற மாதிரி, அவங்களுக்கு உரியதை நாம கொடுக்கணும்.

இந்த மூன்றையும் இன்றைக்கே தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.